சிரோசிஸ் நோயாளியை வீட்டில் கவனிக்கும் முறை
மது, மஞ்சள் காமாலை வைரஸ்களான பி, சி, கொழுப்புக் கல்லீரல் போன்றவற்றால் கல்லீரல் தழும்பேறி இறுகுவதே சிரோசிஸ். அப்போது குடலிலிருந்து வரும் இரத்தம் அதனுள் எளிதில் புக முடியாமல் அழுத்தம் கூடுவதே பெரும்பாலான சிக்கல்களுக்கு மூலம்.

வயிற்றில் நீர் கோக்கிறதா என்று அறிய, தினமும் காலையில் கழிப்பறை சென்று வந்ததும், சாப்பிடும் முன் எடை பார்த்து நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள். எடை தொடர்ந்து ஏறினால் மருத்துவரிடம் காட்டுங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது என்பதால் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்திவிடுவதே நல்லது. ஆனால், பத்தியம் என்று பருப்பையும் முட்டையையும் சேர்த்து விலக்கிவிடுகிறார்கள். இது பெரும் தவறு, தசை கரைந்துவிடும்.

பலர் கவனிக்கத் தவறுவது, கல்லீரல் பழுதால் வரும் மூளைப் பாதிப்பைத்தான். பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சு குழறுவது, கைகளை நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் கைகள் படபடவென அடித்துக்கொள்வது ஆகியவற்றைக் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மலச்சிக்கல் இதைத் தூண்டும்; மருத்துவர் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தை எழுதித் தந்திருந்தால், நாளுக்கு 2 அல்லது 3 முறை மலம் இளகிப் போகும் அளவில் கொடுக்க வேண்டும்.

இரத்த வாந்தியோ தார்போல் கறுத்த மலமோ கண்டால் தாமதமின்றி 108-ஐ அழையுங்கள்; சென்னையில் சென்ட்ரல் எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரவிலும் அவசர சிகிச்சை உண்டு. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கித் தரக் கூடாது. கல்லீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய, 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.