ஆப்பிரிக்கா பற்றி எழுதும்போது நம்ம பிள்ளைகள் விடும் பிழைகள்

திருகோணமலையில் ஓ.எல், ஏ.எல் பிள்ளைகளுக்குப் பல வருடமாகப் புவியியல் சொல்லிக் கொடுக்கிறேன். ஆப்பிரிக்கா பற்றிக் கேள்வி வந்தால் விடைகளில் அதே பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாடமாக்காததால் வருபவை இல்லை. நிலத்தைத் தனியாகவும் மனிதரைத் தனியாகவும் படிப்பதால் வருபவை.

சகாரா என்றதும் மணல்மேடு வரைகிறார்கள். அங்கே மணல் மூடிய இடம் ஏறத்தாழ கால்வாசிதான், மீதியெல்லாம் கற்பாறை மேடுகளும் பரல் பரந்த வெளிகளும். சாட் நாட்டிலுள்ள எமி கூசி எரிமலையின் உயரம் 3,415 மீற்றர், நம்ம பீதுருதாலகாலை 2,524தான். முழுக்க மணல் என்று நினைத்துவிட்டால், நிலத்தடி நீர் மேலே வரும் சோலைகளில் பேரீச்சை நட்டு வாழும் சனங்களை எங்கே வைப்பீர்கள்?

அடுத்தது நைல். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால், ஆற்றின் மேற்பகுதியான "மேல் எகிப்து" தெற்கில் இருக்கிறது. வரைபடத்தில் மேலே இருப்பதுதான் மேல் என்று நினைத்து அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். மகாவலியும் மலைநாட்டிலிருந்து வடக்கே இறங்கித்தான் கொட்டியாரக்குடாவில் விழுகிறது, அதை ஒருமுறை நினைத்துக்கொண்டால் இந்தப் பிழை வராது.

இனி எகிப்தில் நைலுக்குக் குறுக்கே கட்டிய அஸ்வான் உயர் அணை. இங்கேதான் அதிகம் புள்ளி போகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். "வெள்ளத்தைத் தடுத்தது, மின்சாரம் தந்தது, விவசாயம் பெருகியது" என்று மூன்று வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். மூன்றும் சரிதான். ஆனால் அந்த வெள்ளம் எங்கிருந்து வந்தது? பலர் விக்டோரியா ஏரி என்று எழுதுகிறார்கள், அது பிழை. அந்தப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளை நைல் ஓரளவு சீராக ஓடுகிற ஆறு, அதன் நீரில் ஏறத்தாழ பாதி தென் சூடானின் சதுப்பு நிலத்திலேயே ஆவியாகிவிடும். கோடையில் எதியோப்பிய மேட்டுநிலத்தில் கொட்டும் மழைதான் நீல நைல் வழியாகவும் அத்பாரா ஆற்றின் வழியாகவும் வெள்ளத்தையும் வண்டலையும் எகிப்துக்குக் கொண்டுவந்தது. 1970இல் அணை முடிந்த பிறகு அந்த வண்டல், அணைக்குப் பின்னால் தேங்கிய நாசர் ஏரியின் அடியில் படிகிறது. வயலுக்கு வராததால் உழவர் செயற்கை உரத்தை நம்ப வேண்டியதாயிற்று, கழிமுகத்துக்கும் வராததால் அங்குள்ள ரொசெட்டா ஊர்ப் பக்கத்தில் கடல் கரையை அரிக்கிறது. அணைக்கு மேலே நுபிய மக்களின் ஊர்கள் ஏரிக்குள் போயின, அவர்களை வேறிடங்களில் குடியேற்றினார்கள்.

ஆகவே அணை பற்றி எழுதும்போது அணையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு மேலே யார் இருந்தார்கள், கீழே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரலில் உடைந்ததை வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்தால், கட்டுக்குக் கீழே வாழ்வது என்றால் என்னவென்று சொல்லுவார்கள்.

சாட் ஏரி வற்றியதற்கு "மக்கள் நீர்ப்பாசனத்துக்கு எடுத்தார்கள்" என்று ஒரே காரணம் எழுதுவதும் பிழை. 1960களில் சுமார் 25,000 சதுர கிலோமீற்றர் பரந்திருந்த அந்த ஏரி ஆழம் மிகக் குறைந்தது, நீரில் பெரும்பகுதி சாரி ஆற்றிலிருந்து வருகிறது. 1970களிலும் 80களிலும் மழை தவறியதும் சட்டென்று சுருங்கியது. பாசனம் அதைக் கூட்டியது. இரண்டையும் எழுத வேண்டும், மழையை முதலில்.

கடைசிப் பிழை எனக்கு மனவருத்தம் தருவது: மனிதர் என்றாலே அழிப்பவர் என்று எழுதுவது. சகாராவுக்குத் தெற்கே சாகேல் பகுதியில், புர்கினா பாசோவின் உழவர்கள் இறுகிப்போன தரையில் மழைக்கு முன்பே சின்னச் சின்னக் குழிகள் தோண்டி எரு போடுகிறார்கள். எருவைத் தேடி வரும் கறையான் மண்ணைத் துளைத்துவிடும், மழை வந்ததும் நீர் வழிந்தோடாமல் அந்தத் துளைகளுக்குள் இறங்கும், அந்தக் குழியிலேயே சோளம் முளைக்கும். இந்த முறைக்குப் பெயர் சாய். பக்கத்திலுள்ள நைஜர் நாட்டில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வரும் துளிர்களைப் பிடுங்காமல் காத்தே பல இலட்சம் ஹெக்டேயரில் மரம் திரும்ப வந்திருக்கிறது. "மனிதர் சூழலை மாற்றியமைத்த விதம்" என்று கேட்டால் இதையும் எழுதுங்கள், குழியைக் குறுக்குவெட்டாக வரைந்து காட்டினால் இன்னும் நல்லது.