வீட்டுக்குள் வளரும் முயல் வயரையும் பிளாஸ்டிக்கையும் கடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று வீசத் தொடங்கினால், அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் முயல் வளர்ப்பவர்கள் பலரும் வெளியில் இருக்கும் கூட்டைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். நல்ல காரியம்தான். வெயில் 30 பாகையைத் தாண்டினால் முயல் தாங்காது. நம்மைப் போல வியர்த்து உடம்பைக் குளிர்விக்க அதனால் முடியாது. ஆனால் உள்ளே வந்த முயல் சீமெந்துத் தரையில் ஃபேனுக்குப் பக்கத்தில் வயிறு தரையில் பட நீட்டிப் படுக்கிறதே, அப்போது அதன் வாய்க்கு நேரே கிடப்பது ஃபேன் வயர். முதன்முதலாக முயல் வாங்கியவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முயல் கடிப்பதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அதற்கு 28 பற்கள். அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் மட்டும் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீற்றர் வளரும். தேயாவிட்டால் பல் வளைந்து, வாயைப் புண்ணாக்கி, சாப்பிடவே முடியாமல் போய்விடும். நம்மால் மாற்றக்கூடியது எதைக் கடிக்கிறது என்பதைத்தான். பலரும் முயலைப் பழக்குவதில் தொடங்குவார்கள். அது கடைசி வேலை. முதல் வேலை வீட்டில் இருக்கிறது.

படி 1: தரையில் உட்கார்ந்து வீட்டைப் பாருங்கள்

நின்றபடி பார்த்தால் தெரியாது. தரையில் உட்கார்ந்து, இரண்டரை அடி உயரம் வரை என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். பின்னங்காலில் எழுந்து நின்றால் முயலுக்கு அவ்வளவு எட்டும்.

குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம், டீவி மேசைக்கு அடி, கட்டிலில் இருந்து தொங்கும் நுளம்பு வலையின் ஓரம், வாசலில் கழற்றிப் போட்ட இறப்பர் செருப்பு, பாதி எரிந்த நுளம்புத்திரி, கதவு மூலையில் சாத்திவைத்த தும்புத்தடி, சாமான் வாங்கி வந்த பொலித்தீன் பை. அலுமாரிக்குப் பின்னால் எப்போதோ வைத்து மறந்துபோன எலி மருந்து இருந்தால், அதை எடுத்து அப்புறப்படுத்தும்வரை முயலைத் தரையில் விடவே வேண்டாம்.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், முயலால் வாந்தி எடுக்க முடியாது. பூனையும் நாயும் ஒவ்வாததைக் கக்கிவிடும். முயல் விழுங்கிய இறப்பரோ நூலோ குடலைத் தாண்டித்தான் போகவேண்டும். இடையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

படி 2: வயர்களைத் தூக்குங்கள், ஒளியுங்கள், மூடுங்கள்

முயல் வயரை எலி மாதிரிக் கொறித்துக்கொண்டிருப்பதில்லை. மேலே முன்னால் இரண்டு பெரிய பற்கள், அவற்றுக்குப் பின்னால் ஒட்டினாற்போல இரண்டு சின்னப் பற்கள். கீழ்ப்பற்கள் வந்து பொருந்துவது அந்தப் பின்னாலுள்ள சின்னப் பற்களில். அதனால் ஒரே கடியில் வெட்டு விழும். அறுந்த சார்ஜர் வயரை எடுத்துப் பாருங்கள், பிளேட்டால் சீவியதுபோல இருக்கும். நிலத்தடி வளையில் வழியை மறிக்கும் வேரை வெட்டி எறிந்து பழகிய இனம் இது. போகும் வழியில் குறுக்கே கிடக்கும் வயரை அப்படித்தான் அது பார்க்கிறது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட்.

தூக்கக்கூடிய வயரை மூன்று அடிக்கு மேல் சுவரில் கிளிப் அடித்து ஏற்றுங்கள். தூக்க முடியாததைப் பாரமான அலுமாரிக்குப் பின்னால் கொண்டுபோய், இருபக்க இடைவெளியையும் பலகையால் அடையுங்கள். இரண்டுமே முடியாது என்றால் மூடவேண்டும். ஹாட்வெயார் கடையில் விற்கும் மூடியுள்ள பீவிசி கேசிங் நல்லது. காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பழைய தடித்த ஓஸ் பைப்பை நீளவாக்கில் கீறி, உள்ளே வயரை வைத்து, கீறிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். மெல்லிய சுருள் பிளாஸ்டிக் உறையை நம்பவேண்டாம். அது முயலுக்கு இன்னொரு கடிபொருள்தான். எதைப் போட்டாலும் கிழமைக்கு ஒருதடவை கையால் தடவிப் பல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெயின் போர்டில் உள்ள ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமர்த்திப் பாருங்கள். வீடுகளில் பொருத்துவது பெரும்பாலும் 30 மில்லிஅம்பியர் மின்சாரம் கசிந்தால் தானாக விழும் வகை. அது மனிதரைக் காப்பாற்ற வைத்தது. அது இருக்கிறதே என்று வயரைத் தரையில் விட்டுவிடாதீர்கள்.

முயல் அதிகம் துள்ளித் திரிவது விடியும் சுபஹ் நேரமும் பொழுது சாயும் மஃரிப் நேரமும்தான். அந்த இரண்டு நேரமும் போன்களைத் தரையில் வைத்து சார்ஜ் போடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

படி 3: முற்றத்துச் செடிகள்

அலரி, அது சிவப்போ மஞ்சளோ, இலை பூ எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. எருக்கலை, ஆமணக்கு, குரோட்டன், சாடியில் வைக்கும் டிஃபென்பாக்கியா இவையும் ஆகாது. வேலிக் கதியாலாக நிற்கும் கிளிசிரிடியாவை ஆட்டுக்குக் கொடுக்கிறோம் என்பதற்காக முயலுக்கும் ஒடித்துப் போடாதீர்கள். இப்பிலிப்பில் மரத்து இலையைத் தின்றால் முயலுக்கு முடி கொட்டும்.

படி 4: வாயை நிரப்புங்கள்

என்னைக் கேட்டால், கடி குறைவதற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து புல்தான். முயலின் சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்கவேண்டும். நீளப் புல்லை அது பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்னும்போதுதான் கடைவாய்ப் பற்கள் தேயும். கரட்டும் பாணும் பிஸ்கட்டும் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், பிறகு நாள் முழுக்க வாய் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் வாய்தான் கதிரைக் காலைத் தேடிப் போகிறது.

வெளிநாட்டு உலர்புல் பை விலை அதிகம், அது இல்லாமலும் சமாளிக்கலாம். கினிப்புல்லும் அறுகும் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. முயலின் உடம்பளவு குவியல் தினமும் வேண்டும். ஆனால் எங்கே அறுக்கிறோம் என்பதில் கவனம் தேவை. பெரும்போகம் தொடங்கிக் களைநாசினி அடிக்கும் நாட்களில் வயல் வரம்புப் புல்லைத் தொடவே வேண்டாம். மழைக்காலத்தில் ஈரப்புல்லைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். பரப்பி உலர்த்திக் கொடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிடுங்கள். வைக்கல் படுக்கைக்கு நல்லது, சாப்பாட்டுக்கு அது மட்டும் போதாது. புதுப் புல்லுக்கு மாற்றும்போது ஒரு கிழமை எடுத்து மெதுவாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றால் போகும்.

படி 5: கடிக்க நல்ல பொருள் கொடுங்கள்

கொய்யாக் கிளைதான் என் முதல் தேர்வு. விரல் தடிப்பில், ஒரு சாண் நீளத்தில் வெட்டிக் கழுவிக் காயவையுங்கள். முயல் முதலில் பட்டையை நீளமாக உரித்துத் தின்னும், பிறகு கட்டையைச் செதுக்கும். சாயம் போடாத பன்பாய்த் துண்டு, சாயமில்லாத பனையோலைப் பெட்டி, தும்பு முழுக்கச் சுரண்டிய காய்ந்த சிரட்டை, டேப்பும் கம்பியும் எடுத்த காட்போட் பெட்டி இவையும் சரி. வண்ணப் பாய் வேண்டாம். வார்னிஷ் அடித்த பலகை, பிளைவூட், பழைய எனாமல் பெயின்ட் பூசிய மரம் எதுவும் வேண்டாம்.

இவற்றைக் கூட்டுக்குள் குவிக்காமல், அது எந்தக் கதிரைக் காலைக் கடிக்கிறதோ அந்த இடத்திலேயே வையுங்கள்.

படி 6: பழக்குவது

"மகள், ரெண்டு அடி போட்டாச் சரியாகிடும்" என்று வீட்டுக்கு வரும் மாமிமார் யாராவது சொல்வார்கள். அடிக்காதீர்கள். முயலின் முதுகெலும்பு மெல்லியது. பயந்து உதறும் உதறலிலேயே முறிந்துவிடக்கூடும். அடித்தால் அது கற்றுக்கொள்வது உங்களுக்குப் பயப்படத்தான்.

கடிக்கத் தொடங்கும்போது ஒருதடவை கைதட்டி "வேண்டாம்" என்று சொல்லுங்கள். விலகியதும் கொய்யாக் கிளையை முன்னால் வையுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்லவேண்டும். மிளகாய்த்தூள் தடவும் யோசனையை விட்டுவிடுங்கள், அது காலில் ஒட்டிக் கண்ணுக்குப் போகும்.

கூட்டுக் கம்பியைக் கடித்துச் சத்தம் போட்டால் அதற்கு வெளியே வரவேண்டும் என்று அர்த்தம். சத்தம் போடும்போது திறந்தால் அதையே பழகிக்கொள்ளும். ஓய்ந்த பிறகு திறவுங்கள், தினமும் சில மணிநேரம் ஓடவிடுங்கள். நாலைந்து மாத வயதில் கடியும் தோண்டலும் திடீரென்று கூடும். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் குறையும். முயலுக்குச் செய்து பழகிய கால்நடை வைத்தியரா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படி 7: கடித்துவிட்டால்

வயரைக் கடித்துக் கிடந்தால் முயலைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு எழுந்து ஓடினாலும் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வாய் வெந்திருக்கலாம், சில மணிநேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம்.

பிளாஸ்டிக், துணி என்றால் தரையில் சிதறிய துண்டுகளைப் பொறுக்கி, கடிபட்ட இடத்தில் பொருத்திப் பாருங்கள். முயல் பெரும்பாலும் வெட்டித் துப்பிவிடும். ஓட்டை முழுக்க அடைபட்டால் பயப்பட வேண்டாம். துண்டு குறைந்தால் புழுக்கையைக் கவனியுங்கள். சிறுத்துப் போனாலோ, நின்றே போனாலோ, 10 மணிநேரமாகப் புல்லைத் தொடாமல் ஒடுங்கிக் கிடந்தாலோ காலைவரை பொறுக்கக்கூடாது. போகும்போது கடித்த பொருளின் மிச்சத்தையும் கடைசியாகப் போட்ட புழுக்கையையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். என்ன போயிருக்கிறது, எவ்வளவு போயிருக்கிறது என்று கணிக்க வைத்தியருக்கு அது உதவும்.