சிசி, பிசிசி: மின்னஞ்சலில் ஒட்டிக்கொண்ட கார்பன் தாள்

மின்னஞ்சலில் பெறுநர் முகவரிக்குக் கீழே இருக்கும் 'சிசி' என்பது கார்பன் காப்பி. தட்டச்சுப் பொறி காலத்தில் இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் தாளைச் செருகி அடிப்பார்கள். அடித்தாளில் நகல் விழும், விரலிலும் மை அப்பிக்கொள்ளும். நகல் யாருக்கெல்லாம் போகிறது என்று கடிதத்தின் கடைசியில் 'சி.சி.' போட்டு எழுதுவார்கள்.

பிசிசியில் முன்னால் நிற்கும் 'பி', பிளைண்ட். அந்த நகல் போனது மற்றவர்களுக்குத் தெரியாது. ஒருவரையொருவர் அறியாத 50 பேருக்கு ஒரே அஞ்சல் அனுப்புகிறீர்களா? முகவரிகளை பிசிசியில் போடுங்கள். சிசியில் போட்டால் எல்லார் முகவரியும் எல்லார் கைக்கும் போய்விடும்.

ஒன்று கவனம்: பிசிசியில் உங்களுக்கு வந்த அஞ்சலுக்கு 'ரிப்ளை ஆல்' (எல்லாருக்கும் பதில்) அழுத்திவிடாதீர்கள். குட்டு வெளிப்பட்டுவிடும்!