ஆட்டுப் பட்டியில் மாதம் பார்க்காமல் செய்யும் தவறுகள்

வேலையை விட்டுவிட்டு ஊரில் வெள்ளாட்டுப் பட்டி போடும் தம்பிகள் ஆடு நிற்கும் பரண் எவ்வளவு உயரம் என்று கேட்கிறார்கள், கன்னி இனமா கொடி இனமா என்று கேட்கிறார்கள். எந்த மாதம் எதைச் செய்வது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

கிடாவை வருசம் முழுக்க மந்தையில் விடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். "கூடவே கிடந்தா ஒரு பருவமும் வீணாகாதுல்ல அண்ணாச்சி" என்பார்கள். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். வைகாசி, ஆனியில் சேர்ந்தது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈனும்.

போன கார்த்திகையில் ஒரு தம்பி விடியுமுன் போன் போட்டார். போய்ப் பார்த்தால் நனைந்த சாக்கில் இரட்டைக் குட்டி. வாய்க்குள் விரலை விட்டால் நாக்கு ஜில்லென்று இருக்கிறது. அவரோ காம்பை வாயில் திணித்துக்கொண்டிருக்கிறார். வாய் குளிர்ந்த குட்டிக்குச் சப்ப வராது. முதலில் சூடு, அப்புறம்தான் சீம்பால். துடைத்துத் தேய்த்து, குண்டு பல்புக்குக் கீழே போட்டோம். ஒன்று எழுந்தது, மற்றது மதியத்துக்குள் போய்விட்டது.

நஷ்டம் குட்டியோடு நிற்பதில்லை. ஐந்தாறு மாதப் பெட்டைக் குட்டியைப் பெத்த கிடாவே சினையாக்கிவிடும். எது எப்போது சேர்ந்தது என்று தெரியாமல் மழைக்கு முன் குடற்புழு மருந்தும் ஊற்ற முடியாது. அந்த மருந்துகளில் ஒன்றான அல்பெண்டசோல் சினையின் முதல் மாதத்தில் கருவைக் கெடுக்கும்.

கிடாவைப் பிரித்துக் கட்டுங்கள். ஆவணி, புரட்டாசியில் 45 நாள் சேர்த்தால் போதும். ஆடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் என்பதால் இரண்டு வாய்ப்புக் கிடைத்துவிடும். தை, மாசியில் ஈனும்போது மழை ஓய்ந்திருக்கும், காட்டில் பச்சையும் இருக்கும். மேய்ச்சலில் பிரிக்க ஆளில்லை என்றால் கிடா வயிற்றில் சாக்கைக் கட்டிவிடுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், சினை நிற்காது.

துள்ளுமாரித் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது

குடலில் நச்சு ஏறும் இந்த நோய் கொழுத்த ஆட்டைத்தான் முதலில் தூக்கும். புது மழைத் தளிரை வயிறு முட்ட மேய்ந்தது காலையில் விறைத்துக் கிடக்கும். முதல்முறை போடும் மந்தைக்கு இரண்டு தவணை வேண்டும், பிறகு உடம்பில் எதிர்ப்பு ஏறவும் நாளாகும். மழைக்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்குங்கள்.

எட்டயபுரம் சந்தையில் வாங்கியதை நேரே பட்டியில் சேர்ப்பது

நோய் இருக்கிறதா என்று பார்க்க மூன்று வாரம் தனியே கட்டுங்கள்.

பக்ரீத்தை ஒரே மாதம் என்று நினைப்பது

2025இல் ஜூன் 7. ஒவ்வொரு வருசமும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். குர்பானி வெள்ளாட்டுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். வாங்க வருபவர்கள் வாயைப் பிரித்து, பால்பல் விழுந்து இரண்டு பல் முளைத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இன்னும் சில வருசத்துக்கு, தை, மாசியில் பிறந்த குட்டி அடுத்த வருசப் பக்ரீத்துக்குத் தாராளமாக வயது தேறிவிடும். அடையாளத்துக்கென்று காதைப் பெரிதாக அறுத்துவிட்டால், குறையுள்ளது என்று அந்தக் கிடாவை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். காது வில்லை போடுங்கள்.