பிளாஸ்டிக் ஷீட்டில் ரவிக்கைத் தையல் போடாதீர்கள்

சேலத்தில் தையல் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அம்மாபேட்டையிலும் குகையிலும் தெருவுக்குத் தெரு மெஷின் சத்தம் கேட்கிறது. ரவிக்கையிலும் சுடிதாரிலும் கை பழகியவர்கள் ஜிப் பவுச்சுக்கு மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் தாம்பூலப் பைக்குப் பதிலாக, முன்பக்கம் உள்ளே இருப்பது தெரியும் பிவிசி ஷீட்டும் பின்பக்கம் பருத்தித் துணியுமாகப் பவுச் கேட்கிறார்கள். ஆர்டர் வந்த மகிழ்ச்சியில் புதியவர்கள் இறங்கிவிடுகிறார்கள். நான் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கத்தரிக்கோல் கூர்மையாக இருக்க வேண்டும், அளந்த பிறகு வெட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். காசைக் கரைக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஜெராக்ஸ் கடையில் சுருங்கிப்போகும் பேட்டர்ன்

இணையத்தில் வாங்கும் பவுச் பேட்டர்ன்கள் (துண்டுகளை வெட்டுவதற்கான அளவுப் படங்கள்) பலவும் அமெரிக்கத் தாள் அளவுக்கு வரையப்பட்டவை. அந்தத் தாள் 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். நம் ஊர் ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால், தாளுக்குள் அடங்கும்படி கம்ப்யூட்டர் தானாகவே படத்தைச் சுருக்கிவிடும். 97 சதவீதமாகச் சுருங்கினாலே 8 அங்குலத் துண்டில் கால் அங்குலம் காணாமல் போகும். எல்லாத் துண்டும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் வெட்டும்போது எதுவும் தெரியாது. ஏற்கெனவே வாங்கி வைத்த ஜிப்பைப் பொருத்தும்போதுதான் தெரியும்.

கடைக்காரரிடம் ‘100 சதவீத அளவு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பேட்டர்னின் ஓரத்தில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். அதை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்த பிறகே கத்தரியைக் கையில் எடுங்கள். இஞ்ச் டேப் வேண்டாம். பழைய டேப் நீண்டிருக்கும்.

தையலுக்கு விடும் இடத்தை ரவிக்கைக் கணக்கில் போடுவது

பிரித்துப் பெரிதாக்க வேண்டியிருக்கும் என்று ரவிக்கையில் தாராளமாகத் துணி விடுகிறோம். பவுச்சுக்கு அது தேவையில்லை. பெரும்பாலான பவுச் பேட்டர்ன்களில் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. சொச்சம்தான் விடுகிறார்கள். அதைக் கவனிக்காமல் வழக்கப்படி 1 செ.மீ. உள்ளே தள்ளித் தைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 7 மி.மீ.க்கு மேல் பவுச் குறுகிவிடும். கைபேசி வைக்கும் பவுச் என்றால் கைபேசி நுழையாது.

தையலுக்கான இடம் பேட்டர்னிலேயே சேர்ந்திருக்கிறதா, நாம்தான் சேர்க்க வேண்டுமா என்பது முதல் பக்கத்தில் எழுதியிருக்கும். படியுங்கள்.

துணியை நனைக்காமல் வெட்டுவது

புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும், சாயம் இருக்கும், நனைந்தால் சுருங்கும் குணமும் இருக்கும். இளம்பிள்ளைத் துணியோ ஈரோட்டுத் துணியோ, நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். ஷீட் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்த பவுச் ஒருமுறை தண்ணீர் கண்டால் துணி தன் பங்குக்கு உள்ளே இழுக்கும், ஷீட் நகராது. முன்பக்கம் அலை அலையாக எழும்பிவிடும். அதை எந்தக் கைவேலையாலும் சரிசெய்ய முடியாது.

நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்ற நம்பிக்கை

மற்றத் தவறுகளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன். இந்த ஒன்றைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

தையல் பழகும்போது முதலில் காதில் விழும் பாடமே ‘தையல் பொடியாக இருக்க வேண்டும்’ என்பதுதான். துணிக்கு அது முழுக்கச் சரி. ஊசி இறங்கும்போது துணியின் இழைகள் விலகி வழிவிடுகின்றன, ஊசி ஏறியதும் நூலைச் சுற்றி நெருங்கிக்கொள்கின்றன. பிவிசி ஷீட்டில் இழையே கிடையாது. ஊசி இறங்கிய இடம் ஓட்டைதான், அது மூடாது.

ஊசிப் பாக்கெட்டில் 90/14 என்று அச்சிட்டிருப்பார்கள். 14 என்பது நாம் கடையில் கேட்கும் நம்பர். 90 என்பது ஊசித் தண்டின் குறுக்களவு 0.9 மி.மீ. என்பதைச் சொல்கிறது. தையல் நீளத்தை 1.5 மி.மீ. என்று வைத்துத் தைத்தால், ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவில் மிஞ்சும் பிளாஸ்டிக் 0.6 மி.மீ.தான். அங்குலத்துக்கு ஏறத்தாழ 17 ஓட்டைகள். அஞ்சல் தலைகளைப் பிரித்தெடுப்பதற்கென்றே தாளில் போடும் துளைவரிசை எதுவோ, அதையே நாம் பவுச்சின் வாயோரத்தில் போட்டு வைக்கிறோம். தையலை 4 மி.மீ. ஆக்கினால் அங்குலத்துக்கு ஆறு ஓட்டைகள்தான், நடுவில் 3 மி.மீ.க்கு மேல் பிளாஸ்டிக் நிற்கிறது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினாலும், “அக்கா, நெருக்கமாகத் தைத்தால்தானே உறுதி?” என்றுதான் கேட்கிறார்கள்.

அஸ்தம்பட்டி பக்கம் ரவிக்கைக்குப் பெயர் எடுத்த ஒரு பெண், ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு மொத்தமாகப் பவுச் ஆர்டர் எடுத்தார். சுத்தமான கை. கோணலாக ஒரு தையல் கிடையாது. பவுச்சுக்குள் வெற்றிலை பாக்கும் குங்குமச் சிமிழும் போட்டு மண்டபத்தில் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் ஜிப்பை இழுத்துத் திறந்த வேகத்திலேயே ஷீட் கிழிந்திருக்கிறது. மிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கிழிந்த பவுச் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். நூல் ஓரிடத்திலும் அறுபடவில்லை. ஜிப் பட்டையின் மேல் தையல் வரிசை குலையாமல் நிற்கிறது. அந்தக் கண்ணிகளுக்குள் மயிரிழை அகலத்தில் ஷீட்டின் கீற்று மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது. மீதி ஷீட் நேர்கோட்டில் தனியாக வந்துவிட்டது. “நூல் அறுபடவே இல்லையே, பிறகு எப்படி அக்கா?” என்று கேட்டார். நூல் உறுதியாக இருந்ததுதான் காரணம். இழுவை வந்ததும் நூல் விட்டுக்கொடுக்கவில்லை, ஓட்டைகளுக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக் விட்டுக்கொடுத்துவிட்டது.

திரும்பி வந்தவற்றில் கிழியாமல் இருந்த பவுச்சுகளையாவது காப்பாற்றலாம் என்று அவற்றில் இன்னொரு வரிசைத் தையல் போட்டு வைத்திருந்தார். பழைய ஓட்டைகளுக்கு நடுவே புது ஓட்டைகள். அவையும் போயின. துணியை மறுபடி பயன்படுத்தலாம், ஜிப்பைப் பிரித்து எடுக்கலாம். ஓட்டை விழுந்த ஷீட் குப்பைக்குத்தான். கூலியும் கிடைக்காமல், கைக்காசையும் போட்டு ஆர்டரை முடித்துக் கொடுத்தார். இத்தனை நல்ல கை ஒரு தவறான பாடத்தால் நஷ்டப்பட்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். ஷீட் வரும் இடத்தில் தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ. இருக்கட்டும். கால் மெஷினில் திருகையோ நெம்புகோலையோ நம்பி உட்காராதீர்கள். வெட்டி மிஞ்சிய ஷீட்டில் தைத்துப் பார்த்து, பத்துத் தையலின் நீளம் 3.5 முதல் 4 செ.மீ. வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். துணியில் சோதித்துவிட்டு ஷீட்டில் தைக்கக் கூடாது. காரணம், துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷினின் இரும்புக் கால் ஷீட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நகரவிடாது. நீங்கள் 4 மி.மீ. வைத்திருந்தாலும் தையல் தானாகவே பொடியாகிவிடும். அந்தக் காலுக்குப் பதிலாக, ஒட்டாமல் வழுக்கும் டெஃப்லான் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றால் ஷீட்டின் மேல் பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஷீட்டில் ஏறிவிடும்.

ஆரம்பத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் அடித்துக் கெட்டியாக்கும் பழக்கத்தை ஷீட்டில் விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் நாலு முறை ஊசி இறங்கினால் அங்கே வெட்டே விழுந்துவிடும். விரல் நீளத்துக்கு நூலை விட்டு, இரண்டு நூலையும் பின்பக்கம் இழுத்துக் கையால் முடிச்சுப் போடுங்கள். அல்லது ஷீட்டைத் தாண்டி ஜிப் பட்டை நீளும் இடத்தில் அடித்துக்கொள்ளுங்கள். அது துணி, தாங்கும்.

ஊசி 14 போதும். மெல்லிய ஷீட்டுக்கு 11-ஆம் நம்பரே சரி. தோல் தைக்கும் ஊசி வெட்டிக்கொண்டு இறங்கும், அதை இந்த ஷீட்டுக்குப் போடாதீர்கள். பாலியஸ்டர் நூல் போடுங்கள். மேல்நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஷீட்டின் விளிம்பைத் தனியாக விடாதீர்கள். ஒரு பக்கம் ஜிப் பட்டை, மறுபக்கம் ஒரு கிராஸ் பீஸ் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டை), நடுவில் ஷீட் என்று மூன்றையும் சேர்த்துத் தைத்தால் இழுவையைத் துணிகள் இரண்டும் பகிர்ந்துகொள்ளும். ஷீட்டுக்கு வேலை குறையும். என்னிடம் பழகுகிறவர்கள் கிராஸ் பீஸ் இல்லாமல் ஷீட்டை ஜிப்பில் வைப்பதை நான் அனுமதிப்பதில்லை.

ரெக்சினுக்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. அதன் பின்பக்கம் துணி ஒட்டியிருக்கிறது, ஆகவே சட்டென்று கிழியாது. ஆனாலும் ஓட்டை மறையாது என்பது அதற்கும் பொருந்தும். இரண்டிலுமே பிரித்துத் தைப்பது என்ற பேச்சுக்கு இடமில்லை, முதல் தையலே கடைசித் தையல்.

குண்டூசி

வேண்டாம். கிளிப் போடுங்கள்.

பேனாவால் அடையாளம்

பால்பாயின்ட் பேனா மை ஷீட்டுக்குள் ஊறிப் பரவும். துடைத்தால் போகாது. பேட்டர்னை ஷீட்டுக்கு அடியில் வைத்தால் கோடு தெளிவாகத் தெரியப் போகிறது. அப்படியே வெட்டிவிடலாமே, அடையாளம் எதற்கு?

இஸ்திரி

பருத்திக்கு வைக்கும் சூடு 200 டிகிரியைத் தொடும். பிவிசி 100 டிகிரிக்கும் கீழேயே இளகிவிடும். லைனிங்குக்கு ஒட்டும் கேன்வாஸ், துணி மடிப்பு என எல்லா இஸ்திரி வேலையையும் ஷீட்டைச் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சேர்த்த பிறகு மடிப்பு வேண்டுமானால் விரல் நகத்தால் அழுத்துங்கள்.

ஜிப்பை நம்பர் பார்க்காமல் வாங்குவது

3 நம்பர், 5 நம்பர் என்பது மூடிய பல்லின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் சொல்லும் கணக்கு. பேட்டர்ன் 3 நம்பர் கேட்டால் 3 நம்பரே வாங்குங்கள். 5 நம்பரில் பட்டையும் அகலம், பவுச்சின் உயரமே மாறிவிடும். மீட்டர் கணக்கில் வாங்கும் நைலான் ஜிப் மொத்த வேலைக்கு மலிவு. ரன்னரை, அதாவது ஜிப்பைத் திறந்து மூடும் இழுப்பானை, தனியாக வாங்கிக் கோக்க வேண்டும். கோத்தவுடன் இரண்டு முனையையும் ஊசிநூலால் குறுக்கே தைத்துப் பூட்டுங்கள். பூட்டாமல் விட்டால் பவுச் பாதி தைத்திருக்கும்போது ரன்னர் கழன்று கையோடு வரும்.

ஜிப்பைப் பவுச்சின் அகலத்துக்குச் சரியாக வெட்டாமல் இரண்டு அங்குலம் கூடுதலாக விடுங்கள். தைக்கும்போது ரன்னரைப் பவுச்சுக்கு வெளியே தள்ளிவிட்டால் தையல் வளையாமல் ஓடும். ரன்னரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்த பிறகே முனையை வெட்ட வேண்டும். இரும்புப் பல் ஜிப்பில் இந்த வேலையெல்லாம் செய்யாதீர்கள், பல்லின் மேல் இறங்கினால் ஊசி முறிந்து முகத்துக்கு வரும்.

ஜிப்பை மூடிவிட்டுப் பக்கங்களைத் தைப்பது

பாதி திறந்து வைத்துத் தையுங்கள், இல்லையென்றால் கடைசியில் பவுச்சைப் புரட்டி எடுக்க வழியிருக்காது.

ஏற்காட்டுக் குளிரும் சேலத்து வெயிலும்

பவுச்சை உள்வெளியாகத் தைத்து, கடைசியில் புரட்டி எடுக்கிறோம். ஷீட்டுக்குப் பெரிய சோதனை அந்த நேரத்தில்தான். குளிரில் பிவிசி விறைத்துவிடும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மார்கழிக் காலையில் தைக்கிறவர்கள், மலைக்குக் கீழே எங்களுக்கு மூலை கச்சிதமாக வருவதைப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் புரட்டி மூலையைக் கிழித்துக்கொள்கிறார்கள். முதலில் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து ஷீட்டை இளக்குங்கள். டிரையர் இல்லையென்றால் வெயில் ஏறும்வரை பொறுத்திருங்கள். அரை மி.மீ. தடிமன் ஷீட்டைப் புரட்டும் பவுச்சுக்கு எடுக்கவே வேண்டாம். 0.3 மி.மீ. எடுத்தால் கைக்கு அடங்கும். மூலையைத் தள்ளிவிடக் கத்தரி முனையைப் பயன்படுத்தாதீர்கள், மழுங்கிய குச்சி போதும்.

சேலத்தில் நேர்மாறான தொல்லை. சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் ஷீட்டை மடித்து வைத்துவிட்டு மறந்தால், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மடிப்புக்கோடும் விழுந்துவிடும். தைத்து முடித்த பவுச்சுகளை அடுக்கும்போதும் ஷீட்டும் ஷீட்டும் முகம் பார்க்காதபடி நடுவே அச்சில்லாத வெள்ளைத் தாள் வையுங்கள். மிஞ்சிய ஷீட்டைக் குழாயில் சுற்றி, நிழலில் நிற்க வைத்துவிடுங்கள்.