முதலுதவிப் பயிற்சியில் நாம் சொதப்பும் இடங்கள்

அறுபது பேர், இரண்டு பொம்மைகள், மூன்று மணி நேரம், எழுபது ஸ்லைடு. முடிவில் சான்றிதழ், குரூப் போட்டோ. ஆட்டோ ஓட்டுநர்கள், ஊர்க்காவல் படையினர், நெடுஞ்சாலையோர டீக்கடைக்காரர்கள் என்று யாருக்குப் பயிற்சி கொடுத்தாலும் பெரும்பாலும் இதே கணக்குதான். நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் நடத்தினேன். போட்டோவில் எல்லாரும் நன்றாகச் சிரித்திருந்தோம்.

செய்முறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் பொம்மை கிடைக்கும். இதயம் நின்றுபோனவருக்குச் செய்கிற சிபிஆர் முதலுதவியில், நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 5 சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும். முட்டி போட்டு, முழங்கையை மடக்காமல் அழுத்திப் பார்த்தால்தான் அது இடுப்பொடிக்கிற வேலை என்று புரியும். களைத்துப் போனவர் தன்னையறியாமல் பொம்மைமேலேயே சாய்ந்துகொள்வார். அழுத்திய நெஞ்சு முழுசாக மேலே எழும்பி வந்தால்தான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிறையும். சாய்ந்த கை அதைத் தடுத்துவிடும். ‘இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்’ என்று சொன்னால் மட்டும் போதாது. மாறுவதையும் பழக்க வேண்டும். மாறும்போது வீணாகும் நொடிகளைப் பக்கத்தில் ஒருவர் எண்ணட்டும், அப்போது உறைக்கும்.

அழுத்தும்போது எண்ணுவதில் நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. முப்பது வரை எண்ணச் சொன்னால் இருபது வரை வேகம் சரியாக இருக்கும். ‘இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு’ என்று வார்த்தை நீளும்போது கையும் அதோடு மெதுவாகிவிடும். இதைக் கவனிக்க எனக்கே ரொம்ப நாள் ஆயிற்று. இப்போதெல்லாம் பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொல்கிறேன்.

அடுத்தது, இருப்பதிலேயே ஆபத்தான தவறு. ‘மூச்சு இல்லையென்றால் சிபிஆர் செய்யுங்கள்’ என்று ஸ்லைடில் ஒரு வரி போட்டுவிட்டுக் கடந்து போவது. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் சிலருக்கு வாய் திறந்து மூடும். குறட்டை மாதிரி சத்தத்தோடு எப்போதாவது ஒரு இழுப்பு வரும். நம் ஊரில் அதைப் பார்த்தவுடன் ‘இன்னும் இழுத்துக்கிட்டுதான் இருக்கு, உயிர் இருக்கு’ என்று சொல்லிக் காத்திருப்பார்கள். யாராவது ஒருவர் சோடா வாங்க ஓடுவார். அந்த இழுப்பு மூச்சே இல்லை. ஆளுக்கு நினைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் உடனே அழுத்த ஆரம்பிக்க வேண்டும். இதை வீடியோவில் காட்டாமல், பயிற்சியாளர் தரையில் படுத்து அப்படி இழுத்துக் காட்டாமல், யாருக்கும் புரிய வைக்க முடியாது. கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

கட்டுப் போடுவதிலும் குழப்பம். கை காலில் ரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்தின்மேல் அல்ல, அதற்குச் சற்று மேலே, உடம்புப் பக்கமாக இறுக்கிக் கட்டச் சொல்கிறோம். அதே வகுப்பில் அரை மணி நேரம் கழித்து, பாம்புக்கடிக்குக் கட்டவே கூடாது என்கிறோம். வீட்டுக்குப் போனதும் இரண்டும் கலந்துவிடும். கடிபட்ட காலைக் கயிறு போட்டு இறுக்கினால் கால் அழுகிப் போகலாம். ஆளை நடக்கவிடாமல், காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்குக் கொண்டு போவதுதான் வேலை. இந்த இரண்டையும் வேறு வேறு நாளில் நடத்துவது நல்லது. அப்புறம், ரத்தம் நிறுத்தப் பழகும்போது முக்கோணக் கட்டுத்துணியை ஓரமாக வைத்துவிடுங்கள். ரோட்டில் கிடைப்பது துண்டும் துப்பட்டாவும்தான். அதை மடித்து வைத்து, உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்தட்டும். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்க்கிற கையைத் தட்டிவிடுங்கள்.

108-க்குப் பேசுவதை யாரும் பயிற்சியாகவே நினைப்பதில்லை. ஒருமுறை பேசவிட்டுப் பாருங்கள். ‘திண்டிவனம் தாண்டிங்க, ஒரு புளியமரம் பக்கத்துல’ என்பார்கள். கிலோமீட்டர் கல்லில் என்ன எண், வண்டி கிடப்பது சென்னை போகிற பக்கமா திருச்சி போகிற பக்கமா, எத்தனை பேருக்கு அடி, யாருக்கு நினைவில்லை என்ற நாலு விஷயம் வாயில் தடங்கலில்லாமல் வர வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் கை இரண்டும் வேலைக்கு மிச்சம்.

எல்லாம் கற்றுக்கொடுத்தும் பலர் கிட்டவே போகமாட்டார்கள். ‘கேஸ்ல இழுத்துடுவாங்க சார்.’ மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குப் போட முடியாது என்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. இவற்றை வகுப்பின் கடைசியில் அவசரமாகச் சொல்கிறோம். முதலில் சொல்லுங்கள், பயம் போகாதவன் காதில் மற்றது எதுவும் ஏறாது.

ஒரு தடவை வந்தவரைத் திரும்பக் கூப்பிடாமல் விடுவதும் தவறுதான். கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கிவிடும். மூன்று மாதத்துக்கொருமுறை ஆட்டோ ஸ்டாண்டுக்கே பொம்மையை எடுத்துப் போய், ஆளுக்குப் பத்து நிமிடம் அழுத்தவிட்டால் போதும். ஸ்லைடு வேண்டாம்.

அப்படி ஒரு ஸ்டாண்டுக்குப் போனபோது ஓர் ஓட்டுநர் பொம்மையைத் தொடாமல் தள்ளியே நின்றார். விசாரித்தால், முந்தின மாதம் பயணி ஒருவர் வண்டியிலேயே சாய்ந்திருக்கிறார். இவர் ஆளை ரோட்டோரம் கிடத்தி, 108 வரும்வரை அழுத்தியிருக்கிறார். நடுவில் ‘மளுக்’கென்று ஒரு சத்தம். ஆள் பிழைக்கவில்லை. “நான் அமுக்கினதுலதான் செத்துட்டாராண்ணே?” என்று கேட்டார். சரியாக அழுத்தினாலும் விலா எலும்பு உடையலாம், அதற்காக நிறுத்தக் கூடாது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் எவ்வளவு செய்தாலும் பிழைப்பதில்லை. இந்த இரண்டையும் நான் அவருக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதம் அவர் சரியாகத் தூங்கவில்லையாம்.