பைதான் 3.14க்கு மாறுவது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்குப் படிப்படியாக

பைதான் மொழியின் 3.14 பதிப்பு 2025 அக்டோபர் 7 அன்று வெளியானது. புதுப் பதிப்பு வந்தாலே "இதில் என்ன புதுசு" என்று நிறையப் பேர் எழுதிவிடுவார்கள். பைதான் படிக்க ஆரம்பித்துச் சில மாதங்களே ஆனவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நான் எழுதி வைத்திருக்கும் நிரல் புதியதில் ஓடுமா, ஓடாவிட்டால் எங்கே பார்ப்பது, பழையதைக் கெடுக்காமல் புதியதை எப்படி முயன்று பார்ப்பது: அவருக்கு இந்த மூன்றும்தான் முதலில் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த விளக்கம்.

கட்டளைகளை உச்சரிப்பு எப்படியோ அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மாறிகளின் பெயர்கள் மட்டும் தமிழிலேயே இருக்கலாம். பைதான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

எண்ணை எப்படிப் படிப்பது

3.14 என்பதை மூன்று, பதினான்கு என்று இரண்டு எண்களாகப் படிக்க வேண்டும். இது தசம எண் கிடையாது. 3.9க்கு அடுத்து வந்தது 3.10. 2021இல் அது வந்தபோது, யாமல் என்ற வகை அமைப்புக் கோப்புகளில் மேற்கோள் குறி போடாமல் 3.10 என்று எழுதியிருந்தவர்களுக்கு அது தசம எண்ணாகப் படிக்கப்பட்டு 3.1 ஆகிவிட்டது. அமைப்புக் கோப்புகளில் பதிப்பு எண்ணை எப்போதும் மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

மூன்றாவதாக ஒரு எண் வந்தால், உதாரணமாக 3.14.1, அது பிழை திருத்தம் மட்டுமே. அதைத் தயங்காமல் ஏற்றலாம். நடு எண் மாறும்போதுதான் மொழி மாறுகிறது. இப்போதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபரில், நடு எண் ஒன்று கூடும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து வருட ஆயுள். 3.14க்கு முதல் இரண்டு வருடம் எல்லாப் பிழைகளும் திருத்தப்படும், அப்புறம் மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். 3.9இன் ஆயுள் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இன்னும் 3.8, 3.9 வைத்திருப்பவர்கள் 3.14இல் ஆர்வம் இல்லாவிட்டாலும் மாறியே ஆக வேண்டும்.

படி 1: இப்போது என்ன இருக்கிறது?

டெர்மினலைத் திறந்து,

பைதான் --வெர்ஷன்

என்று அடியுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் "பைதான்3" என்று அடிக்க வேண்டியிருக்கும். வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் படியில் எத்தனை பக்கம் படிக்க வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும்.

படி 2: பழையதன் பக்கத்திலேயே புதியதை நிறுவுங்கள்

பழைய பைதானை நீக்கவே நீக்காதீர்கள். ஒரே கணினியில் எத்தனை பதிப்புகள் வேண்டுமானாலும் இருக்கலாம். உபுண்டு வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உபுண்டு 24.04 தன்னோடு 3.12ஐக் கொண்டுவருகிறது, அந்த இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதை நம்பி ஓடுகின்றன. அதை நீக்கினாலோ மாற்றினாலோ சிஸ்டமே தடுமாறும்.

விண்டோஸில் இப்போது பைதான் இன்ஸ்டால் மேனேஜர் என்ற புதிய கருவி வந்திருக்கிறது. பைதானின் அதிகாரப்பூர்வத் தளத்திலோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலோ அதை எடுத்து நிறுவிவிட்டு,

பை இன்ஸ்டால் 3.14
பை லிஸ்ட்

என்று அடித்தால் போதும். இரண்டாவது கட்டளை கணினியில் உள்ள எல்லாப் பதிப்புகளையும் காட்டும். மேக்கில் அதே தளத்திலுள்ள இன்ஸ்டாலர் போதுமானது. லினக்ஸில் எனக்குப் பிடித்த வழி யூவி என்ற கருவி: "யூவி பைதான் இன்ஸ்டால் 3.14" என்றால் சிஸ்டம் பைதானைத் தொடாமல் தனியிடத்தில் வைத்துவிடும்.

படி 3: தனி அறை கொடுங்கள்

உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டருக்குள் போய், வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (அந்த நிரலுக்கான லைப்ரரிகளைத் தனியே வைக்கும் இடம்) ஒன்றை உருவாக்குங்கள். விண்டோஸில்:

பை -3.14 -எம் வென்வ் சோதனை

மேக்கில் "பை -3.14" வரும் இடத்தில் "பைதான்3.14" என்று அடியுங்கள். யூவி பயன்படுத்துபவர்கள் "யூவி வென்வ் --பைதான் 3.14 --சீட்" என்று அடிக்கலாம். கடைசிச் சொல்லைச் சேர்த்தால்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப்பும் உள்ளே வரும்.

அந்த என்விரான்மென்டை ஆக்டிவேட் செய்த பிறகு, மறுபடி வெர்ஷன் கட்டளையை அடித்து 3.14 என்று வருகிறதா என்று பாருங்கள். பழைய என்விரான்மென்ட் ஃபோல்டரை நகலெடுத்துப் பெயர் மாற்றி வைப்பது வேலைக்கு ஆகாது. பழையதில் "பிப் ஃப்ரீஸ்" கொடுத்துக் கிடைக்கும் பட்டியலைச் சேமித்து, புதியதில் அந்தப் பட்டியலை வைத்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டும்.

இங்கே பலர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். நம்பை, பாண்டாஸ் போன்ற லைப்ரரிகளின் உள்ளே சி மொழியில் எழுதிய பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பைதான் பதிப்புக்கும் அவற்றைத் தனியாகத் தயாரித்து வெளியிட வேண்டும். நீங்கள் கேட்கும் லைப்ரரி இன்னும் 3.14க்குத் தயாராகவில்லை என்றால், பிப் அதை உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். விண்டோஸில் விஷுவல் சி++ இல்லை என்று நீளமாகச் சிவப்பு எழுத்தில் கத்தும். உங்கள் நிரலில் ஒரு தவறும் இல்லை, பயப்படாதீர்கள். முதலில் அந்த லைப்ரரியின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் பழைய பைதானிலேயே இருங்கள்.

படி 4: போனது எது என்று முதலில் படியுங்கள்

பைதானின் ஆவணத் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் "வாட்ஸ் நியூ" என்று ஒரு பக்கம் உண்டு. எல்லோரும் மேலிருந்து படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவார்கள். நீங்கள் கீழ்ப்பகுதிக்குப் போய், "ரிமூவ்ட்" என்ற தலைப்பை முதலில் படியுங்கள். அடுத்து "போர்ட்டிங்" (மாறும்போது கவனிக்க வேண்டியவை), அப்புறம் "டெப்ரிகேட்டட்" (இனிமேல் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டவை). புதுச் சேர்க்கைகளைப் பிறகு ஆற அமரப் படிக்கலாம். புதிதாக வந்த வசதியைப் பயன்படுத்தாமல் விட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. நீக்கப்பட்டது ஒன்று உங்கள் நிரலில் இருந்தால் அது ஓடாது.

நீங்கள் 3.11இலிருந்து வருகிறீர்கள் என்றால் 3.12, 3.13, 3.14 ஆகிய மூன்று பக்கங்களையும் படிக்க வேண்டும். இவற்றில் கற்பவர்களைத் தொடக்கூடிய மாற்றங்களைச் சொல்கிறேன்.

3.12இல், லைப்ரரிகளைத் தயாரித்து நிறுவப் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூல் போய்விட்டது. பழைய லைப்ரரி ஒன்றை நிறுவும்போது "டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை" என்று வந்தால் இதுதான் காரணம். அந்த லைப்ரரியைப் புதுப்பிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் அதே வேலையைச் செய்யும் செட்டப்டூல்ஸ் லைப்ரரியை நிறுவிச் சமாளிக்கலாம்.

3.13இல் 19 மாட்யூல்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டன. சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட், படக் கோப்பின் வகையைக் கண்டுபிடிக்கும் இம்ஹெச்டிஆர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பழைய பாடப்புத்தகங்களில் வலைப் படிவத்தை வாங்கும் பயிற்சி பெரும்பாலும் சிஜிஐயில்தான் இருக்கும். அதை அப்படியே அடித்தால் 3.13 முதல் ஓடாது. அந்தப் பாடத்தை விட்டுவிட்டு, வலைத்தளம் எழுத உதவும் ஃபிளாஸ்க் லைப்ரரியைப் படிப்பதே நல்லது.

3.14இல் லினக்ஸ் பயனர்களுக்கு ஒரு மாற்றம் இருக்கிறது. ஒரே நேரத்தில் பல பிராசஸ்களை ஓட்டும் மல்ட்டிபிராசசிங் மாட்யூல் புதிய பிராசஸைத் தொடங்கும் முறை "ஃபோர்க்" என்பதிலிருந்து "ஃபோர்க்சர்வர்" ஆகிவிட்டது. பிராசஸ் தொடங்கும் வரிகளை "மெயின்" நிபந்தனைக்குள் (இஃப் __நேம்__ == '__மெயின்__') வைக்காமல் வெறுமனே எழுதியிருந்தால், நேற்று வரை ஓடிய நிரல் இன்று ரன்டைம் பிழை காட்டும். அந்த வரிகளை நிபந்தனைக்குள் தள்ளிவிட்டால் சரியாகிவிடும். பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் அசிங்க்ஐஓ மாட்யூலில் "கெட் ஈவென்ட் லூப்" அழைப்பும் கண்டிப்பாகிவிட்டது: லூப் எதுவும் இல்லாதபோது முன்பெல்லாம் தானே ஒன்றை உருவாக்கிக் கொடுக்கும், இப்போது பிழை தரும். "அசிங்க்ஐஓ ரன்" என்று எழுதப் பழகுங்கள்.

படி 5: எச்சரிக்கைகளைக் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள்

பைதான் எதையும் திடீரென்று நீக்குவதில்லை. குறைந்தது இரண்டு பதிப்புகளுக்கு முன்பே எச்சரிக்கும். ஆனால் நீங்கள் இறக்குமதி செய்யும் மாட்யூல்களுக்குள் எழும் அந்த எச்சரிக்கைகள் வழக்கமாகத் திரையில் வராது. இப்படி ஓட்டினால் வரும் (எக்ஸ் பெரிய எழுத்தில்; கணக்கு.பை வரும் இடத்தில் உங்கள் கோப்பின் பெயர்):

பைதான் -எக்ஸ் டெவ் கணக்கு.பை

உங்கள் கோப்பின் பெயரோடு வரும் எச்சரிக்கைகளை மட்டும் திருத்துங்கள். லைப்ரரிகளின் பெயரோடு வருபவை அவற்றை எழுதியவர்களின் பொறுப்பு. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இலக்கத்தைக் குறிக்கும் பின்சாய்வுக்கோடு-டி போன்றவற்றைச் சாதாரண மேற்கோளுக்குள் எழுதியிருந்தால் 3.12 முதல் சின்டாக்ஸ் எச்சரிக்கை கண்ணில் படும். மேற்கோளுக்கு முன்னால் ஆர் எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். ஃபைனலி பகுதிக்குள் ரிட்டர்ன் எழுதினால் எச்சரிப்பது 3.14இல் புதிது. நல்ல மாற்றம்: அப்படி எழுதினால் உள்ளே எழுந்த பிழை சத்தமில்லாமல் விழுங்கப்பட்டுவிடும்.

படி 6: இப்போது புதியதைத் தொட்டுப் பாருங்கள்

ஒரு கோப்பில் இந்த ஒரே ஒரு வரியை எழுதிச் சேமியுங்கள்:

தலைவர்: மாணவர்

மாணவர் என்று எதையும் நாம் வரையறுக்கவில்லை. இதை 3.13இல் ஓட்டினால், மாணவர் என்ற பெயரே தெரியாது என்று நேம்எரர் வரும். 3.14இல் சத்தமே இல்லாமல் ஓடும். முக்காற்புள்ளிக்குப் பின் வரும் வகைக் குறிப்பை 3.14 உடனே கணக்கிடுவதில்லை. யாராவது கேட்கும்போதுதான் கணக்கிடும். ஒரு கிளாஸ் தனக்குக் கீழே வரும் இன்னொரு கிளாஸைக் குறிப்பிட, அதன் பெயரை மேற்கோளுக்குள் போட்டுச் சமாளித்து வந்தோமே, இனி அது வேண்டாம்.

டி-ஸ்ட்ரிங் பற்றி நிறையப் பேசப்படுகிறது. எஃப்-ஸ்ட்ரிங் மாறிகளை வாக்கியத்துக்குள் கலந்து ஒரே சரமாகக் கொடுத்துவிடும். டி-ஸ்ட்ரிங் கலக்காமல், நீங்கள் எழுதிய வாக்கியம் தனி, உள்ளே வந்த மதிப்புகள் தனி என்று பிரித்தே வைத்திருக்கும். வலைப்பக்கத்தில் பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் ஸ்கிரிப்டை எழுதி அனுப்பினால், மதிப்பு தனியாக இருப்பதால் லைப்ரரி அதைச் சுத்தம் செய்ய முடியும். ஆனால் எஃப் இருக்கும் இடத்திலெல்லாம் டி என்று மாற்றிவிடாதீர்கள். அச்சிட்டால் வாக்கியம் வராது, டெம்ப்ளேட் என்ற பொருள்தான் வரும். தொடக்கத்தில் எஃப் போதும்.

கற்பவர்களுக்கு உண்மையிலேயே இனிப்பானது, ஒவ்வொரு வரியாக அடித்து உடனே விடை பார்க்கும் ஊடாடும் திரைதான். 3.13இல் புதிதாக்கப்பட்ட அது, 3.14இல் அடிக்கும்போதே நிறம் காட்டுகிறது, இம்போர்ட் வரியில் டேப் அடித்தால் மாட்யூல் பெயரை முடித்துத் தருகிறது. வைல் என்பதில் ஓர் எழுத்து கூடிவிட்டால் "வைல் என்றா சொல்ல வந்தீர்கள்" என்று கேட்கிறது.

ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டு) இல்லாத தனி பில்ட் 3.14இல் அதிகாரப்பூர்வ ஆதரவு பெற்றுவிட்டது. அது இன்னும் விருப்பத் தேர்வுதான். ஒற்றை த்ரெட் நிரல்கள் அதில் சுமார் 5 முதல் 10 சதவீதம் மெதுவாக ஓடும். இப்போதைக்கு அதைத் தாண்டிப் போகலாம்.

படி 7: தமிழ்க் கோப்புகளைக் கையாள்பவர்களுக்கு

அடுத்த பதிப்பான 3.15, 2026 அக்டோபருக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. நம்மை நேரடியாகத் தொடும் மாற்றம் அதில் வருகிறது, இப்போதே தயாராகலாம்.

விண்டோஸில் என்கோடிங் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) சொல்லாமல் ஒரு கோப்பைத் திறந்தால், 3.14 வரை பைதான் பெரும்பாலான கணினிகளில் 1252 என்ற பழைய மேலைநாட்டுக் குறியீட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் நம் புள்ளிக் குறி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது: 224, 175, 141. இந்த 141 என்ற எண்ணுக்கு 1252இல் எழுத்தே கிடையாது. அதனால் க், ம், ல் என்று ஒரு மெய்யெழுத்து இருந்தாலும் யூனிகோட்டிகோட்எரர் வந்து நின்றுவிடும். மெய்யெழுத்து இல்லாத கோப்பு என்றால் குப்பை எழுத்துகளாகத் திறக்க வாய்ப்பு உண்டு. 3.15 முதல் எல்லா இயங்குதளத்திலும் யூடிஎஃப்-8 இயல்பாகிவிடும்.

உங்கள் நிரலில் என்கோடிங் சொல்லாமல் விட்ட இடங்களைக் கண்டுபிடிக்க:

பைதான் -எக்ஸ் வார்ன்_டிஃபால்ட்_என்கோடிங் கணக்கு.பை

அது காட்டும் ஒவ்வொரு வரியிலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சேர்த்துவிட்டால், எந்தப் பதிப்பிலும் ஒரே மாதிரி ஓடும். எக்ஸெல்லில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று சேமித்த கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கும். முதல் நெடுவரிசையின் தலைப்பு பொருந்தாமல் போவது அதனால்தான். அதற்கு யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். 3.15 எப்படி நடந்துகொள்ளும் என்பதை இன்றே பார்க்க, "-எக்ஸ் யூடிஎஃப்8" என்ற குறியோடு ஓட்டலாம்.

யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி முறையில் சேமித்த பழைய கோப்புகள் உங்களிடம் இருந்தால், அவை யூடிஎஃப்-8ஆகத் திறக்காது. ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் டிஸ்கியை யூனிகோடாக மாற்றும் வசதி இருக்கிறது. மூலக் கோப்பை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, மாற்றியதை யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு வேறு பெயரில் சேமியுங்கள்.